காய்க்கு அடியில் கம்பளி

செஸ் விளையாடத் தெரிந்த பத்துப் பேரைக் கூப்பிட்டு, "ராஜாவோட அடியில என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிப்பார்கள். மீதிப் பேர் பச்சை என்பார்கள், அதுவும் ஒரு ஊகத்தில்தான். காயின் தலையைத்தானே எல்லாரும் பார்க்கிறோம். சிலுவை இருந்தால் ராஜா, கிரீடம் இருந்தால் ராணி, காது இருந்தால் குதிரை. அடிப்பக்கம் எப்போதும் பலகையைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. அங்கே ஒட்டியிருக்கிற துணிக்கு ஃபெல்ட் என்று பெயர். நாங்கள் பச்சைத்துணி என்றுதான் சொல்லிவந்தோம். எங்கள் செட்டில் அது பச்சையாகவும் இல்லை, பல காயில் துணியாகவும் இல்லை என்று திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கினிகத்தேனை டவுனிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டத்து வாசிகசாலையின் செட் அது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மரச் செட். அபூர்வப் பொருள் ஒன்றும் இல்லை, ஏலம் விட்டால் யாரும் கை தூக்கப்போவதில்லை. ஆனால் காய்களுக்கு நல்ல கனம் உண்டு. பிளாஸ்டிக் காயைப் பிடித்துப் பழகிய பிள்ளை இதை முதல் தடவை தூக்கும்போது கை கொஞ்சம் கீழே போகும். 32இல் ஒரு கறுப்புச் சிப்பாய் எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு நூல்கட்டை நிற்கிறது. மற்ற 31ஐயும் வாங்கில் தலைகீழாக அடுக்கி எண்ணினோம். துணி ஒழுங்காக இருந்தவை 7. பாதி பிய்ந்து நாக்கைத் தொங்கவிட்டபடி 9. மிச்சம் 15 வெறும் மரம்.

அந்த ஏழு எவை என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. நாலும் கோட்டைகள். (எங்களில் சிலருக்கு அது யானை. பெயர்ச் சண்டையை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம்.) எங்கள் பிள்ளைகளின் ஆட்டம் பெரும்பாலும் கோட்டை வெளியே வருவதற்குள் முடிந்துவிடும், அதனால் அதுகளுக்குத் தேய்மானமே இல்லை. மற்ற மூன்றும் குதிரைகள். குதிரையை யாரும் இழுப்பதில்லை, தூக்கித்தான் வைக்கிறோம். பிஷப்பும் ராணியும் பலகையில் சறுக்கிக்கொண்டு போகிற காய்கள், அதனால் ஒன்றுக்கும் துணி மிஞ்சவில்லை. பலகையும் இதே கதையைச் சொன்னது. பிளைவுட்டில் பெயின்ட் அடித்துச் செய்த பலகை அது. நடுவில் ஈ4, டி4, ஈ5, டி5 நாலு கட்டத்திலும் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. எஃப்1இலிருந்து சி4 வரை வெள்ளை பிஷப் இழுபட்ட கோடு கீறலாகவே விழுந்திருக்கிறது. இத்தனை வருசமாக இங்கே எல்லாரும் ஒரே மாதிரித்தான் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்!

"துணி இல்லாட்டி என்ன? காய் நிக்குதுதானே" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை. பாதி பிய்ந்த துணியோடு நிற்கிற காய் ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். பக்கத்துக் காயில் விரல் பட்டால் விழும். வீட்டில் விழுந்தால் எடுத்து வைத்துவிடலாம். போட்டியில் அப்படி இல்லை. உலக செஸ் சம்மேளனத்தின் விதிப்படி, காய்களைத் தட்டிக் கலைத்தவர் தன்னுடைய நேரத்தில், தன் கடிகாரம் ஓட ஓடத்தான், அவற்றைச் சரியாக அடுக்க வேண்டும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும். சாய்ந்து நிற்கிற காயை நேராக வைக்க நினைத்தால், தொடுவதற்கு முன்னாலேயே "சரிசெய்கிறேன்" என்று எதிராளியிடம் சொல்ல வேண்டும்.

இங்கேயிருந்து வலய மட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் மெல்லிய பிளாஸ்டிக் காயிலோ, ஃபோனிலோ விளையாடிப் பழகியவர்கள். ஃபோனில் காய் விழாது, தொட்டதை விடலாம், சத்தம் வராது. போட்டி மேசையில் உட்கார்ந்தவுடன் முதல் பத்து நிமிசம் கை தடுமாறுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பழைய செட்டை மறுபடி விளையாடுகிற நிலைக்குக் கொண்டுவரணும்னு முடிவு செய்தோம். புதுசு வாங்கலாமே என்றால், கனமும் அடித்துணியும் உள்ள நல்ல மரச் செட் ஒன்றின் விலை பல நாள் பேரை விழுங்கிவிடும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

துணி ஏன் போனது என்பதற்கு முழுப் பழியையும் பிள்ளைகள் மேல் போடுவது அநியாயம். கினிகத்தேனை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கணும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகிற பாதையில், கித்துல்கலையைத் தாண்டி மலை ஏறுகிற இடம். தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து வந்து முதலில் மோதுகிற சரிவுகளில் ஒன்று. இங்கேயும் பக்கத்து வட்டவளையிலும் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். சென்னையில் பெய்வது சுமார் 1,400. மே மாசம் தொடங்கினால் செப்டம்பர் வரை துணி காயாது, சுவர் காயாது, செருப்பில் பூஞ்சணம் பூக்கும். அலுமாரிக்குள் இருக்கிற புத்தகம் வீங்கும். அங்கேயே இருக்கிற செஸ் காய் மட்டும் எப்படித் தப்பும்? பழைய செட்களில் துணியை ஒட்டப் பயன்படுத்திய பசை, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். அது ஈரத்தில் இளகும். துணி கம்பளி நூலாக இருந்தால் அந்துப்பூச்சிக்குச் சாப்பாடு. பசை விட்டுக்கொடுக்க, பூச்சி தின்ன, பிள்ளைகள் நகத்தால் பிய்க்க (இந்த மூன்றாவதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை) துணி போய்விடுகிறது.

துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தனி விஷயம். இன்று உலகம் முழுக்க போட்டிகளில் பார்க்கிற காய்களின் வடிவத்துக்கு ஸ்டான்டன் என்று பெயர். 1849இல் லண்டனில் நதானியேல் குக் என்பவர் அந்த வடிவத்தைப் பதிவு செய்தார், ஜாக்ஸ் கம்பனி செய்து விற்றது, அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வெள்ளைக் காய்க்கு பாக்ஸ்வுட், கறுப்புக்குக் கருங்காலி. கருங்காலி நம்ம நாட்டிலும் வளர்கிற மரம்தான். இன்றைக்கு உலகச் சந்தைக்குப் போகிற மரக் காய்களில் பெரும் பங்கு பஞ்சாபின் அம்ரித்சரில் செய்யப்படுகிறது. குதிரைத் தலையை இன்னமும் அங்கே கையால்தான் செதுக்குகிறார்கள். மரம் மட்டும் இருந்தால் காய்க்கு நிலைப்பு வராது. அதனால் அடியில் துளை போட்டு உள்ளே உலோகத் துண்டை இறக்கி, புட்டி வைத்து மூடி, அதன் மேல் துணியை ஒட்டுகிறார்கள். ஆகவே அந்தத் துணி பலகையைக் கீறாமல் காக்கிறது, காயைச் சத்தமில்லாமல் சறுக்க விடுகிறது, உள்ளே இருக்கிற கனம் வெளியே விழாமல் மூடியும் வைக்கிறது.

பழைய செட் எதையாவது நீங்கள் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் இங்கே ஒரு நிமிசம் நில்லுங்கள். உள்ளே இருப்பது ஈயமாக இருக்கலாம். ஈயம் மங்கிய சாம்பல் நிறம், நகத்தால் கீறினால் கோடு விழும், கடதாசியில் தேய்த்தால் பென்சில் மாதிரி எழுதும். காந்தம் ஒட்டாது. ஈயமாக இருந்தால் உரசாதீர்கள், சேண்ட் பேப்பர் போடாதீர்கள், மூடிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம். எங்களுடையதில் காந்தம் டக்கென்று ஒட்டியது. இரும்பு. அதுவும் இந்த மழையில் துருப்பிடித்து ஊதி, இரண்டு சிப்பாய்களின் அடியில் மரத்தை வெடிக்க வைத்திருந்தது.

சரி, துணி தேடுவோம் என்று டவுனுக்கு இறங்கினோம். முதல் கடையில், "ஃபெல்ட் இருக்கா அண்ணே?" என்று கேட்டோம். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை மேலே காட்டினார். அங்கே வரிசையாக இடுப்பு பெல்ட் தொங்கியது. கறுப்பு, பிரவுண், ஒன்றில் சிங்கமுகம் போட்ட பக்கிள். செஸ் காய்க்கு என்று விளக்கினோம். "காய்க்கு பெல்ட் எதுக்குத் தம்பி, அதுக்கு இடுப்பே இல்லையே" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

புத்தகக் கடையில் கிடைத்தது கைவேலைக்கு விற்கிற ஃபெல்ட் தாள். பத்து நிறத்தில், மலிவாக. தொட்டுப் பார்த்தால் வழுவழு. பொலியெஸ்டர். அதில் ஒரு நன்மை உண்டு, அந்துப்பூச்சி அதைத் தின்னாது. ஆனால் மெல்லிய தாளாக இருப்பதால் பசை ஊறி மேலே வந்து இறுகிவிடும், கொஞ்ச நாள் உரசினால் பந்து பந்தாகத் திரளும். சோதனைக்கு ஒரு துண்டு வாங்கி பலகையில் தேய்த்துப் பார்த்தபோது இரண்டு நாளிலேயே அது தெரிந்தது.

ஃபெல்ட் என்றால் உண்மையில் என்ன என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆட்டு மயிர் ஒவ்வொன்றின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்து, மேலே அழுத்தி உரசிக்கொண்டே இருந்தால், அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். பிறகு பிரியாது. தறி வேண்டாம், ஊசி வேண்டாம். தறியைவிடப் பழைய வித்தை என்று சொல்கிறார்கள். மத்திய ஆசியாவின் மேய்ப்பர்கள் வீட்டுக்கே அதைத்தான் போர்த்துகிறார்கள். இதில் இன்னொரு ஆச்சரியம். பில்லியர்ட்ஸ் மேசையில் விரிக்கிற பச்சைத் துணியை எல்லாரும் ஃபெல்ட் என்கிறோம், அது ஃபெல்ட் இல்லை. தறியில் நெய்த கம்பளித் துணிதான். நெய்த பிறகு தண்ணீரில் போட்டு அடித்து இறுக்குவதால் இழை தெரியாமல் போகிறது. பழைய செஸ் காய்களின் அடியில் ஒட்டியதும் அதே இனம். பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்றால், பில்லியர்ட்ஸ் முதலில் புல்தரையில் ஆடிய ஆட்டம், மேசைக்கு ஏறியபோது புல்லின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

நெய்த கம்பளி, தண்ணீர், உரசல். இதைப் படித்து முடித்தவுடன் எங்களில் ஒருத்தி, "இது எங்க வீட்டுல இருக்குடா" என்றாள்.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். இப்போது கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்கு பிளாஸ்டிக் விரிப்பைத்தான் போர்த்திக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் கம்பளி. கறுப்பான, முரட்டுத்தனமான, புதுசில் கழுத்தைக் குத்துகிற கம்பளி. அதைக் கொங்காணி மாதிரி மடித்துத் தலையில் போட்டு முதுகு வரை விட்டு, அதன் மேலே கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்வார்கள். கூடையின் பாரம் முழுக்கத் தலையில் அந்தக் கயிற்றில் தொங்கும். ஈரக் கம்பளியின் கனம் கூடையோடு சேர்ந்துகொள்ளும். கம்பளி என்ற நம்முடைய சொல்லையே துரைமார் 'கம்ப்ளி' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். அரிசியையும் கம்பளியையும் தோட்டம் கொடுத்தது, கொடுத்ததைச் சம்பளத்தில் பிடித்தும் கொண்டது. குளிரில் நனையாமல் வேலை செய்வதற்கான உடுப்புக்கு வேலை செய்கிறவரே கடன்காரராக இருந்தார்.

அதே மலையில், அதே ஆட்டு மயிர் இன்னொரு இடத்திலும் இருந்தது. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது, அங்கே பில்லியர்ட்ஸ் அறை உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் நீலகிரியிலும் இதே கதைதான். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் உருப்பெற்றது ஊட்டி கிளப்பில், 1880களில். விளக்கு வெளிச்சத்தில், பிரஷ் போட்டு, ஈரம் படாமல் பார்த்துக்கொண்ட கம்பளி அது. எங்க பாட்டிமார் தலையில் இருந்ததை யாரும் ஈரத்திலிருந்து காப்பாற்றவில்லை.

அவள் சொன்ன கம்பளி அவளுடைய அப்பாயியுடையது. அப்பாயி பேர் வெட்டி வீட்டில் உட்கார்ந்து பல வருசம். கம்பளி லயத்துக் காம்பராவில் ஒரு தகரப் பெட்டிக்குள், பூச்சி உருண்டையோடு மடித்து இருந்தது. விரித்துப் பார்த்தோம். ஓரமெல்லாம் அந்து அரித்த ஓட்டை. கீழ்ப்பக்கம் இழை விட்டு சல்லடை மாதிரி. ஆனால் நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி இருந்தது. நாலு விரல் அகலம், இரண்டு சாண் நீளம். தொட்டால் தோல் போல இறுக்கம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. நெசவு இழை எது, குறுக்கிழை எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

எல்லாருக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்பாயிதான் கையை வைத்துக் காட்டினார். "கூடைக் கயிறு ஓடுற இடம்."

மழை, தலையின் சூடு, கயிற்றின் அழுத்தம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு உரசல். ஃபெல்ட் செய்ய என்னென்ன வேணும்னு நாங்கள் படித்தோமோ அத்தனையும், காலைப் பிரட்டிலிருந்து மாலை கொழுந்து நிறுக்கிற வரைக்கும், ஒருவருடைய உச்சந்தலையில் வருசக்கணக்காக நடந்திருக்கிறது.

இதை வெட்டுவதா என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருவன் கூடவே கூடாது என்றான். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் கொண்டுபோய் அங்கே கொடுக்கணும், செஸ் காய்க்கு அடியில் ஒட்டுவது அவமரியாதை என்பது அவன் கட்சி. ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக்கொள்வோம், நடுவைத் தொடவேண்டாம் என்று இன்னொருத்தி சமாதானம் பேசினாள். ஆனால் ஓரம் உதவாது. தளர்ந்த நெசவில் வட்டம் வெட்டினால் விளிம்பு முழுக்க நூல் பிரியும், ஒரு வாரத்தில் மறுபடி வெறுங்கட்டை. இறுகிய பட்டை மட்டும்தான் வெட்டினாலும் பிரியாது. அதாவது வெட்டுவதென்றால் அந்தக் கயிறு ஓடிய இடத்தைத்தான் வெட்ட வேண்டும்.

அவள் அம்மாவுக்கும் விருப்பமில்லை. "அதுல என்னடி இருக்கு, வேற துணி கெடைக்காதா" என்றாங்க. அவங்க சொன்ன 'என்னடி இருக்கு' என்பதற்குள் என்னென்னமோ இருந்தது.

அப்பாயி இவ்வளவையும் கேட்டுக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு செஸ் என்றால் என்னவென்றே தெரியாது. காய் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ராஜா. கையில் வைத்து கனம் பார்த்தார், தலைகீழாகத் திருப்பி துருவைப் பார்த்தார். "இது இங்கேயே இருக்குமா, கொழும்புக்குப் போகுமா?" என்று கேட்டார். வாசிகசாலையிலேயே இருக்கும் என்றோம். "அப்ப வெட்டு. ஆட்டு மயிருதானே, என் தோலா? பொட்டியில இருந்தா பூச்சி திங்கும்."

அருங்காட்சியகத்துக்காரன் அதற்கும் விடவில்லை. "அப்பாயி, இது வரலாறு" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அட்டை கடிச்சதும் வரலாறுதான்டா. அதையும் எடுத்து வைக்கிறியா?"

நாங்கள் அவன் பக்கத்தையும் முழுசாகத் தள்ளிவிடவில்லை. சேர்த்து வைக்க வேண்டியவற்றை நம்ம ஆட்கள் போதுமான அளவு சேர்த்து வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உடுத்தியவர் உயிரோடு முன்னால் உட்கார்ந்து இருக்கும்போது, அவர் பொருளுக்கு அவரை விட நாங்கள் அதிகம் உரிமை கொண்டாடுவதும் ஒரு மாதிரியாக இருந்தது. பட்டையை மட்டும் வெட்டுவது, மற்றதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைப்பது என்று முடிவானது. வெட்டுவதற்கு முன்னால் முழுக் கம்பளியையும் அப்பாயி போர்த்திக்கொண்டு நிற்க, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் அவர்கள் வீட்டுக்கு, இங்கே போடப்போவதில்லை.

இனி வேலை. செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பட்டையை முதலில் சுடுதண்ணீரில் போட்டோம். ஒட்டிய பிறகு ஈரம் பட்டுச் சுருங்கினால் ஓரம் எழும்பிவிடும், சுருங்குவதை முன்னாலேயே சுருங்க வைத்துவிட வேண்டும். வடித்த தண்ணீர் அப்படியே சாயத்தண்ணி நிறத்தில் வந்தது. தேயிலைக் கறையா, துருவா, வேர்வையா தெரியாது, எல்லாம்தான். காய வைக்க வெயில் ஏது? அடுப்புக்கு மேலே மூன்று நாள் தொங்கியது. அதனால் எங்கள் காய்களை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இப்போதும் லேசாக விறகுப் புகை வாசம் வரும்.

நல்ல துணியோடு இருந்த ஏழையும் தொடவில்லை. நன்றாக ஒட்டியிருக்கிறதைப் பிய்த்துப் புதுசு போடுவது வீண் வேலை, மரத்துக்கும் கெடுதல். மிச்சம் 24 காய், நூல்கட்டையையும் சேர்த்து 25. பட்டையில் சிப்பாய்க்கு இரண்டு வரிசை, பெரிய காய்க்கு இரண்டு வரிசை என்று சோக்குக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்தால் சரியாக 25 வட்டம்தான் வந்தது. ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

பிய்ந்து தொங்கிய பழைய துணியை வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊற வைத்தால் வச்சிரம் இளகும், பிறகு பிளேட்டின் முதுகுப் பக்கத்தால் மெதுவாகத் தள்ளலாம். கூர்ப்பக்கத்தால் சுரண்டினால் மரத்தில் பள்ளம் விழும். துருப்பிடித்த இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்பு பெயின்ட் ஒரு பூச்சு. வெடித்திருந்த இரண்டு சிப்பாய்க்கும் அரல்டைட் போட்டு நூலால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விட்டோம். மறுபடி ஈரம் உள்ளே போகாதபடி எல்லாத் துளைக்கும் புதுப் புட்டி.

அடுத்து மட்டம் பார்ப்பது. இதைத் தாண்டிவிட்டுத் துணியை ஒட்டினால் காய் ஆடிக்கொண்டேதான் இருக்கும், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் சேண்ட் பேப்பரை விரித்து, காயை நிமிர்த்திப் பிடித்து எட்டு போடுவது மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்க்கணும். ஒரே பக்கமாக இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் தேயும். கண்ணாடியில் வைத்து விரலால் தட்டினால் அசையாமல் நிற்கணும். பலகையும் இதற்குள் இரண்டு பூச்சு பெயின்ட் வாங்கி, ஈ4இலிருந்து மறுபடி கட்டம் கட்டமாக நின்றது.

பசையைத் துணியில் தடவக்கூடாது. துணி குடித்துவிடும், காய்ந்ததும் அப்பளம் மாதிரி இறுகி, எதற்காக ஒட்டினோமோ அதற்கே உதவாமல் போகும். மரத்தில் மட்டும், மெல்லிசாக, விளிம்பு வரைக்கும். மரவேலைக்குப் போடுகிற வெள்ளை கம் போதும். தண்ணீரில் ஊறினால் அதுவும் இளகும்தான், ஆனால் காற்றின் ஈரத்துக்கு வச்சிரத்தை விட நன்றாகத் தாங்கும், தேவைப்பட்டால் பின்னாளில் கழற்றவும் முடியும். சுப்பர் குளூ வேண்டாம். வட்டத்தைக் காயின் அடியை விட ஒரு நூலளவு சின்னதாக வெட்டினால் விளிம்பு வெளியே நீட்டாது, பிள்ளைகளின் நகத்துக்கும் பிடி கிடைக்காது. டவுன் தையல்காரர் ஒருவர் தன் பெரிய கத்தரிக்கோலை ஒரு பின்னேரத்துக்குக் கொடுத்தார். வீட்டுக் கத்தரி அந்தப் பட்டையில் பல் வழுக்கி நின்றுவிட்டது, அவ்வளவு இறுக்கம். ராஜாவுக்கு மட்டும் இடம் இறுக்கியது. விதிப்புத்தகம் ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. என்றும், அடியின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் என்றும் பரிந்துரைக்கிறது. எங்கள் ராஜாவுக்கு 4 செ.மீ. அடி. பட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் வெட்ட முடிந்தது.

ஒட்டிய காயை நிமிர்த்தி வைத்தால் அதன் கனமே அழுத்திக்கொள்ளும். ஒரு ராத்திரி.

மறுநாள் பலகையில் அடுக்கினோம். அடுக்குகிறபோது 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன வீடியோவைப் பற்றிப் பேச்சு வந்தது. 18 வயதுச் சென்னைப் பையன், ஜெயித்து, அழுதுகொண்டே, எழும்பாமல் உட்கார்ந்து காய்களை ஒவ்வொன்றாகத் தன் கட்டத்தில் அடுக்கி வைக்கிறான். நாங்கள் எல்லாரும் அவன் கண்ணீரைப் பார்த்தோம். மறுபடி போட்டுப் பார்த்தபோது கையைத்தான் பார்த்தோம். காய் கட்டத்தில் உட்காரும்போது சத்தமே இல்லை.

எங்களுடையதில் பச்சை அடி ஏழு, கறுப்பு அடி இருபத்தைந்து. கம்பளி கொஞ்சம் தடிப்பம், அதனால் கறுப்பு அடிக் காய்கள் மயிரிழை உயர்ந்து நிற்கின்றன. நடக்கிற ஆட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. பிஷப் இப்போது எஃப்1இலிருந்து சி4க்கு ஒரு மூச்சு மாதிரி போகிறது. முதல் வாரத்தில் பிள்ளைகள் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு காயையும் தூக்கித் திருப்பிப் பார்த்து, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, குத்துது என்று சொல்லி வைத்தார்கள். நூல்கட்டைச் சிப்பாய்க்குத் துணி ஒட்டியதில் அவர்களுக்குத் தனி சந்தோசம். அதை யார் பக்கம் வைப்பது என்று முன்னால் சண்டை போட்டவர்கள் இப்போது கறுப்பை எடுக்கச் சண்டை போடுகிறார்கள்.

மே மாசம் வரும்போது பார்க்கணும். பெட்டிக்குள் ஒரு துணிமுடிச்சில் அடுப்புக்கரித் துண்டும், பழைய இடத்திலேயே இரண்டு பூச்சி உருண்டையும் போட்டிருக்கிறோம். மாதம் ஒரு தடவை காய்களைத் திருப்பிப் போட்டுக் காற்றாட விடுவது என்று வாசிகசாலைக் கொப்பியில் எழுதி, யார் எந்த மாதம் என்று பெயரும் போட்டாயிற்று. ஜூன் மாசம் அருங்காட்சியகத்துக்காரனின் முறை.